இரும்பு மேசையில் 164 வோல்ட்

மரப்பட்டறையில் ஓடும் வட்ட ரம்பத்தின் மேசை இரும்பு. பலகையைத் தள்ளும் தச்சரின் இடக்கை பெரும்பாலும் அந்த இரும்பிலேயே ஊன்றியிருக்கும். கீழே சிமெண்டுத் தரை, மழைக்காலத்தில் ஈரம் ஊறிக் கிடக்கும். காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. பல பட்டறைகளில் அதுவும் இல்லை. மேசைக்கு அடியில், கையிலிருந்து இரண்டடி தூரத்தில், 2 குதிரைத்திறன் மோட்டார். அதன் செம்புக் காயிலில் 230 வோல்ட். காயிலுக்கும் மோட்டாரின் இரும்பு உடம்புக்கும் நடுவே நிற்பவை கம்பிமேல் பூசிய எனாமலும், ஒரு மெல்லிய காப்புத்தாளும், ஊற்றிக் காயவைத்த வார்னிஷும்தான்.

அந்தக் காப்பு ஒருநாள் பழுதாகும். எந்தக் கம்பெனி மோட்டாரானாலும், எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் பழுதாகும். அந்த நொடியில் பழுதை முதலில் கண்டுபிடிப்பது மேசையில் ஊன்றிய கையா, சுவரில் மாட்டிய ஸ்விட்சா? எர்த் என்கிற ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில். கை தொடுவதற்கு முன்பே பழுது தன்னைக் காட்டிக்கொடுத்துவிட வேண்டும்.

மோட்டாரின் காப்புக்கு மரப்பட்டறை மிகக் கொடுமையான இடம். இழைப்புத் தூளும் ரம்பப்பொடியும் மோட்டாரின் காற்றுத் துளைகளை அடைத்துவிடுகின்றன. விசிறி சுற்றினாலும் காற்று உள்ளே போவதில்லை, காயில் சூடேறுகிறது. காப்புப் பொருளின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. உள்ளே படிந்த மரத்தூள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரமான தூள் கரண்டைக் கசியவிடும். இயந்திரம் அதிர அதிர, டெர்மினல் பாக்ஸின் ஓட்டை விளிம்பில் ஒயரின் மேலுறை உரசித் தேயும். கையில் பிடித்து ஓட்டும் கட்டர், ரூட்டர், டிரில் போன்றவற்றில் இன்னொரு வழியும் உண்டு. கார்பன் பிரஷ் தேயும்போது உதிரும் கரித்தூள் உள்ளுக்குள்ளேயே படிகிறது. கரி மின்கடத்தி என்பதால், காலப்போக்கில் அந்தத் தூளே கம்யூட்டேட்டருக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே ஒரு பாதை போட்டுவிடும்.

இப்படி ஏதோ ஒரு வழியில் ஃபேஸ் கம்பி இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் இணைப்பு இல்லாத இயந்திரமானால் வெளியே எதுவும் தெரியாது. மோட்டார் வழக்கம்போல ஓடும், ரம்பம் வழக்கம்போல அறுக்கும், எந்த ஃபியூஸும் போகாது. மேசை, தாங்கிக் கால்கள், வேலி, ஸ்டார்ட்டர் பெட்டி எல்லாவற்றிலும் 230 வோல்ட் ஏறி, ஒரு கைக்காகக் காத்திருக்கும்.

கரண்ட் ஓட ஒரு முழுச் சுற்று வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தொட்டவரின் உடம்பு வழியாக மண்ணுக்குள் இறங்கும் கரண்ட் எங்கே போய்ச் சுற்றை முடிக்கிறது? தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில். அங்கே நியூட்ரல் முனையை வேண்டுமென்றே மண்ணோடு இணைத்திருக்கிறார்கள். 11,000 வோல்ட் லைனிலிருந்து நமக்கு வேண்டிய அழுத்தத்தைத் தருவது அந்த டிரான்ஸ்ஃபார்மர். அதற்குள் இரண்டு காயில்களுக்கும் நடுவிலுள்ள காப்பு முறிந்தால் 11,000 வோல்ட் நேராக வீட்டு ஒயரில் ஏறிவிடும். இடி இறங்கினாலும் கிட்டத்தட்ட அதே கதை. நியூட்ரலை மண்ணில் கட்டிவைத்தால் அந்த அழுத்தம் மண்ணுக்குப் போகும், அங்கே மேல்லைனின் ஃபியூஸ் அறுந்து இணைப்பு நிற்கும். ஊரையே காக்கிற இந்த ஏற்பாட்டுக்கு நாம் கொடுக்கும் விலை ஒன்று உண்டு: மண்ணில் நிற்கிற எவரும் ஃபேஸைத் தொட்டால் சுற்று முழுமையாகிவிடுகிறது.

மண் கரண்டைத் திருப்பிக் கொண்டுவரும் என்பது மின்விளக்கு வருவதற்கு முன்பே தெரிந்த செய்தி. 1838-இல் ஜெர்மனியில் கார்ல் ஆகஸ்ட் ஃபான் ஸ்டைன்ஹைல் ரயில் தண்டவாளங்களையே தந்திக் கம்பியாகப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்தார். தண்டவாளத்திலிருந்து கரண்ட் மண்ணுக்குள் கசிந்துகொண்டே இருந்தது. முயற்சி தோற்றது, ஆனால் அந்தத் தோல்வி அவருக்கு ஒன்றைக் காட்டியது: திரும்பிவரும் கம்பியே தேவையில்லை, இரண்டு முனைகளிலும் தகட்டைப் புதைத்தால் மண்ணே அந்த வேலையைச் செய்யும். அதன்பின் தந்தி லைன்களை ஒற்றைக் கம்பியில் இழுத்தார்கள்.

இங்கேதான் பரவலாக ஒரு தப்பான எண்ணம் நிலவுகிறது. எர்த் குழிக்குள் போன கரண்ட் மண்ணில் கரைந்து காணாமல் போய்விடும், அதனால் குழி ஒன்று தோண்டிவிட்டால் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். வீடு கட்டித்தரும் மேஸ்திரியிலிருந்து பட்டறை முதலாளிவரை பலரும் இதை நம்புகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் கதை வேறு.

நம்மூரில் கம்பத்திலிருந்து சின்னப் பட்டறைக்கு வருவது ஃபேஸும் நியூட்ரலும். எர்த்தை நாமே பட்டறையோரம் குழி தோண்டி உண்டாக்குகிறோம். நல்ல குழி, அதன் மின்தடை 5 ஓம் என்று கொள்வோம். டிரான்ஸ்ஃபார்மர் அடியிலுள்ள குழி 2 ஓம். ஃபேஸ் மேசையைத் தொட்ட கணத்தில் கரண்ட் எர்த் ஒயர் வழியே நம் குழிக்குப் போய், மண்ணைக் கடந்து, டிரான்ஸ்ஃபார்மர் குழி வழியே ஏறித் திரும்புகிறது. மொத்தத் தடை 7 ஓம். 230-ஐ 7-ஆல் வகுத்தால் 33 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. சுவரில் இருப்பது மோட்டாருக்காகப் போட்ட 16 ஆம்பியர் சி-வகை எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச். அது கண்ணிமைக்கும் நேரத்தில் விழ வேண்டுமென்றால், தன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் ஓட வேண்டும். 33 ஆம்பியருக்கு அது உள்ளேயிருக்கும் உலோகப் பட்டை சூடாகி வளைந்துதான் விழும். அதற்குப் பல விநாடிகள் ஆகும், சில சமயம் நிமிடக்கணக்கில்கூட ஆகும்.

அதுவரை மேசையில் எத்தனை வோல்ட்? 33 ஆம்பியர் நம் குழியின் 5 ஓமைக் கடக்கிறது. பெருக்கினால் 164 வோல்ட். எர்த் ஒயர் அறுபடவில்லை, குழியும் நல்ல குழி. ஆனாலும் கை ஊன்றிய இரும்பில் 164 வோல்ட் நிற்கிறது. ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்பவரின் உடம்புத் தடையைச் சுமார் 1,500 ஓம் என்று எடுத்தால், அவர் வழியே போவது 109 மில்லிஆம்பியர்.

அந்த எண் எவ்வளவு பெரியது என்பதை அளந்து சொன்னவர் சார்லஸ் டால்ஸியல். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர். தாமாக முன்வந்தவர்களின் கையில் ஒரு மின்முனையைக் கொடுத்து, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த அளவில் அவர்களால் பிடியை விட முடியாமல் போகிறது என்று பதிவுசெய்தார். 134 ஆண்களுக்குச் சராசரி 16 மில்லிஆம்பியர், 28 பெண்களுக்கு 10.5 மில்லிஆம்பியர். கரண்ட் தசையைச் சுருக்குகிறது. முன்கையில் விரலை மடக்கும் தசைகள், விரித்துவிடும் தசைகளைவிட வலுவானவை. இரண்டும் ஒரே நேரத்தில் இழுக்கப்படும்போது மடக்குபவை வெல்கின்றன. கை தானாக இறுகிக்கொள்கிறது. ஷாக் அடித்தவர் இயந்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்று ஊரில் சொல்வார்களே, அவர் பிடிக்கவில்லை, விட முடியவில்லை. 50 மில்லிஆம்பியர் அளவில் ஒரு விநாடி இதயத்தின் வழியே போனாலே இதயத் துடிப்பு குலையும் ஆபத்து தொடங்கிவிடும். பழைய 60 வாட் குண்டு பல்ப் எடுத்துக்கொள்ளும் கரண்ட் 260 மில்லிஆம்பியர். ஒரு பல்பை எரியவைக்கும் கரண்டில் ஐந்தில் ஒரு பங்கு போதும்.

எம்.சி.பி.யும் ஃபியூஸும் ஒயர் தீப்பிடிக்காமல் இருக்கக் கண்டுபிடிக்கப்பட்டவை. 16 ஆம்பியருக்குமேல் போனால்தான் அவை கவலைப்படத் தொடங்கும். மனிதன் சாக அதில் முந்நூறில் ஒரு பங்கு போதும் என்பது அவற்றுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருக்கும் கருவி வேறு, அதன் பெயர் ஆர்.சி.சி.பி. எலெக்ட்ரீஷியன்கள் இ.எல்.சி.பி. என்று பழைய பெயரிலும் கேட்பார்கள்.

அதன் உள்ளே இருப்பது ஒரு காந்த வளையம். ஃபேஸும் நியூட்ரலும் அந்த வளையத்துக்குள் புகுந்து போகின்றன. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருந்தால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். வழியில் ஒரு துளி வேறு பாதையில், எர்த் ஒயரிலோ ஒருவரின் உடம்பிலோ, நழுவிவிட்டால் சமநிலை கெடுகிறது. வளையத்தில் சுற்றிய மூன்றாவது காயிலில் மின்னழுத்தம் எழுந்து இணைப்பை வெட்டுகிறது. மாலையில் கடை வரவு செலவைச் சரிபார்க்கும் கணக்குப்பிள்ளை போல, எவ்வளவு பெரிய தொகை புரண்டது என்பதைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. போனதும் வந்ததும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. நம் வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் ஏற்றது 30 மில்லிஆம்பியர் வகை. 30 மில்லிஆம்பியர் நழுவினால் 0.3 விநாடிக்குள்ளும், அதன் ஐந்து மடங்கு நழுவினால் 0.04 விநாடிக்குள்ளும் வெட்ட வேண்டும் என்பது அதற்கான தரவிதி. 0.04 விநாடி என்பது ஒரு இதயத்துடிப்பில் இருபதில் ஒரு பங்கு.

இப்போது பழைய கணக்குக்குத் திரும்புவோம். மேசையை ஃபேஸ் தொட்ட கணத்தில் எர்த் ஒயரில் 33 ஆம்பியர் நழுவுகிறது. ஆர்.சி.சி.பி.க்கு வேண்டியது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். உடனே வெட்டிவிடும். குழி மோசமாகி 100 ஓம் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 2 ஆம்பியருக்கு மேல் நழுவும், அப்போதும் வெட்டும். எர்த் ஒயரும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்திருந்தால், மேசையில் யாரும் கை வைக்காதபோதே, இரவில் பூட்டிய பட்டறையிலேயே பழுது பிடிபடும். காலையில் வந்து ஸ்விட்சைத் தூக்கினால் நிற்காது, திரும்பத் திரும்ப விழும். அது தொல்லை கொடுக்கிறது என்று சொல்லி ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி எறிந்து நேராக இணைப்புக் கொடுத்த பட்டறைகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அது விழுவதே, எங்கோ ஒரு காப்பு போய்விட்டது என்று சொல்வதற்குத்தான்.

எர்த் ஒயர் இல்லாமல் ஆர்.சி.சி.பி. மட்டும் இருந்தால்? காக்கும், ஆனால் தாமதமாக. மேசையில் ஏறிய 230 வோல்ட்டுக்கு வெளியேற வழி இல்லாததால் எதுவும் நழுவாது. ஒருவர் தொட்ட பிறகுதான் அவர் உடம்பு வழியே நழுவும், அதன்பின் வெட்டும். உயிர் பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் ஷாக்கில் கை துள்ளுமே! 12 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றும்போது அதன் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு நாலு அங்குலம் தள்ளி இருக்கிற கை எந்தப் பக்கம் துள்ளும் என்று யார் சொல்ல முடியும்? பல தொழில்களில் சிறிய ஷாக் ஓர் எரிச்சல், அவ்வளவுதான். மரப்பட்டறையில் அது விரல். ஆகவே இங்கே உயிர் பிழைத்தால் போதும் என்கிற அளவுகோல் போதாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் கருவியை 1960-களில் உருவாக்கியவர் அதே டால்ஸியல். அங்கே அது வெட்டும் அளவு சுமார் 5 மில்லிஆம்பியர். பிடியை விட முடியாமல் போகும் அளவுக்கும் கீழே. நாமும் ஐரோப்பியர்களும் வைத்திருக்கும் 30 மில்லிஆம்பியர், இதயத் துடிப்பு குலையும் அளவை வைத்துத் தீர்மானித்தது. இடையில் 15, 20 மில்லிஆம்பியர் கசிந்தால் நம் கருவி விழாது, கையோ இறுகிக்கொள்ளும். எர்த் ஒயர் இருந்தால் அந்தக் கசிவு ஒயரிலேயே போய்விடும், மேசையில் அழுத்தம் ஏறாது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

குழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐ.எஸ். 3043 என்கிற இந்தியத் தரவிதியில் குழாய் வகை எர்த்துக்குக் குறைந்தது 38 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள ஜி.ஐ. பைப் வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி இடுவது நம் வழக்கம். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்பு அந்த ஈரத்தைக் கடத்தியாக்கும். உப்பு மழையில் கரைந்து போய்விடும் என்பதையும், சித்திரை வெயிலில் குழி காய்ந்து தடை பல மடங்காகும் என்பதையும் மறந்துவிடுகிறோம். கரிசல் மண் ஈரத்தைத் தாங்கும். அங்கே நல்ல குழி எளிது. பாறை மேட்டுச் செம்மண்ணில் அதே பைப்பை அதே ஆழத்தில் இறக்கினாலும் தடை இறங்காது. கோடையில் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கத்தை விட வேண்டாம். மூன்று ஃபேஸ் மோட்டாரானால் அதன் உடம்பிலிருந்து தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு மின்விதி. ஒன்று துருப்பிடித்து அறுந்தாலும் மற்றது இருக்கும் என்பதற்காக.

இவ்வளவும் சரியாக அமைந்து, கடைசி ஓரடியில் கோட்டைவிடும் இடம் பிளக். ஒரு த்ரீ பின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே உள்ள எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமனும் கூட. நீளம் ஏனென்றால், செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். இயந்திரத்தின் உடம்பு ஒரு கணமும் எர்த் இல்லாமல் ஃபேஸோடு இருக்கக் கூடாது. தடிமன் ஏனென்றால், பிளக்கை எப்படித் திருப்பினாலும் அது ஃபேஸ் ஓட்டையில் நுழையக் கூடாது. இனி ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பாருங்கள். எர்த்துக்கான பச்சை ஒயர் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக, தொய்வாக விடப்பட்டிருக்க வேண்டும். யாராவது ஒயரில் கால் தடுக்கி இழுத்தால் சிவப்பும் கறுப்பும் முதலில் பிடுங்கிக்கொள்ளும், பச்சை கடைசிவரை நிற்கும். பல பிளக்குகளில் மூன்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டி முடுக்கியிருப்பார்கள். சிலவற்றில் பச்சையை வெட்டியே விட்டிருப்பார்கள். ஒயர் நுழையும் இடத்தில் மேலுறையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று உண்டு. அதன் இரண்டு ஸ்க்ரூக்களைப் போடாமல் விடுவதும் சர்வசாதாரணம். ஐந்து நிமிட வேலை, இன்றே செய்யலாம்.

செய்யவே கூடாதவை இரண்டு. பிளக் இல்லாமல் ஒயரின் நுனியைச் சீவி, சாக்கெட்டில் செருகி, தீக்குச்சியை முட்டுக்கொடுத்து ஓட்டுவது முதலாவது. கட்டடம் கட்டும் இடங்களில் கட்டர் மெஷின்கள் இப்படித்தான் ஓடுகின்றன. எர்த் என்ற பேச்சே அங்கே இல்லை. இரண்டாவது இதைவிட மோசம், ஏனென்றால் பார்க்கச் சரியாக இருக்கும்: சாக்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரலிலிருந்து ஒரு சிறு துண்டு ஒயரை எர்த் முனைக்கு லூப் போட்டுவிடுவது. குழி தோண்டும் செலவு மிச்சம், மேசையைத் தொட்டால் ஷாக்கும் இல்லை. என்றோ ஒருநாள் கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் கழன்றால், ஃபேஸ் கரண்ட் மோட்டாரின் காயிலுக்குள் புகுந்து, நியூட்ரல் வழியாக வெளிவந்து, அந்த லூப் வழியே மேசைக்கு ஏறும். மோட்டார் நின்றிருக்கும். ஏன் நின்றது என்று பார்க்கக் குனிபவரின் கை முதலில் தொடுவது அந்த மேசையைத்தான்.

கை மெஷின்கள் சிலவற்றில் இரண்டே பின்கள் இருப்பதைப் பார்த்து, கம்பெனியே எர்த் தரவில்லை, பிறகெதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மெஷினின் பெயர்த்தகட்டைப் பாருங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருக்கும். மோட்டாருக்கு ஒரு காப்பு, அதற்கு வெளியே பிளாஸ்டிக் கூட்டால் இன்னொரு காப்பு என்று இரட்டைக் காப்புள்ள கருவி அது. அதற்கு எர்த் தேவையில்லை. அந்தச் சதுரம் இல்லாத, இரும்பு உடம்புள்ள எந்தக் கருவியையும் இரண்டு ஒயரில் ஓட்டக் கூடாது. கூடு வெடித்த இரட்டைக் காப்புக் கருவியை டேப் ஒட்டி ஓட்டுவதும் கூடாது. இரண்டாவது காப்பு அந்தக் கூடுதான்.

மேசையைத் தொட்டால் இலேசாகச் சுரீர் என்கிறது, டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது என்று தச்சர்கள் சொல்வது வழக்கம். எர்த் அடிக்குது என்று சொல்லி, காலுக்கடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். இந்த இலேசான சுரீர் பெரும்பாலும் காப்புப் பழுதல்ல. காயிலும் இரும்பும் நடுவில் காப்போடு அருகருகே இருப்பதால் அவை தாமாகவே ஒரு மின்தேக்கியாகின்றன. மாறுதிசை மின்னோட்டத்தில் அதன் வழியாக மிகச் சிறிய கரண்ட் எப்போதும் கடந்துகொண்டே இருக்கும். எர்த் ஒயர் சரியாக இருந்தால் அது சத்தமில்லாமல் ஒயரில் போயிருக்கும். நமக்குத் தெரிகிறது என்றால், எர்த் எங்கோ அறுந்துவிட்டது என்று பொருள். இன்று காப்பு நன்றாக இருக்கிறது. நாளை அது போகும்போது, தடுக்க எர்த் இருக்காது. இந்தச் சின்னச் சுரீரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான்.

இதே மின்தேக்கி விஷயத்தை வைத்து விரலைக் காப்பாற்ற முடியும் என்று கண்டவர் ஸ்டீஃபன் காஸ். அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்துக்காரர், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றுக் காப்புரிமை வழக்கறிஞராக இருந்தவர். மர வேலை அவருக்குப் பொழுதுபோக்கு. 1999-இல் அவருக்குத் தோன்றிய யோசனை இது: ரம்பத்தின் பிளேடை இயந்திரத்தின் மற்ற இரும்பிலிருந்து மின்னளவில் பிரித்துவைத்து, அதில் ஒரு சிறிய மின்சைகையை ஓடவிட வேண்டும். மரம் அந்தச் சைகையை அதிகம் மாற்றாது. மனித உடம்பு நீரும் உப்பும் நிறைந்தது. பல் தோலைத் தொட்ட உடனே சைகையில் ஒரு பகுதியை உடம்பு இழுத்துக்கொள்ளும். சைகை சரிந்ததும் ஒரு சுருள்வில் விடுபட்டு, அலுமினியக் கட்டை ஒன்றைச் சுழலும் பற்களுக்குள் திணிக்கும். 5 மில்லிவிநாடிக்குள் பிளேடு நின்று மேசைக்குக் கீழே இறங்கிவிடும். கட்டையும் பிளேடும் போய்விடும், விரலில் ஒரு கீறல். முதலில் சாசேஜ் துண்டுகளை வைத்துச் சோதித்தவர், பிறகு தன் விரலையே வைத்துக் காட்டினார். பெரிய ரம்பக் கம்பெனிகள் வாங்க முன்வராததால் தாமே கம்பெனி தொடங்கி, 2004-இல் சாஸ்டாப் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். ஈரமரத்தை அறுத்தால் அது மரத்தையே விரல் என்று எண்ணி நின்றுவிடும். அப்போது மட்டும் அந்தக் காவலை நிறுத்திவைத்து அறுக்க வேண்டியிருக்கும்.

விலை அதிகமான அந்த ரம்பம் நம் பட்டறைகளுக்கு எளிதில் வராது. ஆனால் நம் கைக்கெட்டும் இன்னொரு பாதுகாப்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பச்சைப் பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு காயில் காந்தமாகித் தொடர்பைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காந்தம் விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் மறுபடி பச்சையை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டுச் சாதாரண ஸ்விட்சில் ரம்பத்தை ஓட்டும் இடங்களில், கரண்ட் போன நேரத்தில் பிளேடில் சிக்கிய சிம்பை எடுக்கப் போன கையைக் கரண்ட் திரும்பி வந்து பிடித்துவிடும். மின்வெட்டுக்குப் பழகிய ஊரில் இந்த ஒரு பெட்டி இல்லாமல் எந்த ரம்பமும் ஓடக் கூடாது.

பிளேடு மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும், நிரந்தர இணைப்பானால் மெயினை இறக்க வேண்டும். ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருந்தால் அந்த ஸ்விட்ச் வெட்டுவது நியூட்ரலாக இருக்கலாம், காயிலில் ஃபேஸ் அப்படியே நிற்கும். ஓடும் பிளேடருகே கையுறை போடக் கூடாது. நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். தோள் துண்டும் தொங்கும் லுங்கியும் அதேபோல. கடைசி ஓரடிப் பலகையைத் தள்ளுகுச்சியால் தள்ளுங்கள். அறுத்த பிளவு மூடிக்கொண்டு பலகை பின்னால் எகிறி அடிக்காமலிருக்க, பிளேடுக்குப் பின்னே ஒரு பிளவுக்கத்தி நிற்க வேண்டும். உள்ளூரில் செய்யும் மேசைகளில் அதைப் பார்ப்பது அரிது, வெல்டிங் கடையில் சொல்லிப் பொருத்திக்கொள்ளலாம்.

நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரையும் பார்த்துவிடுவோம். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 30 மீட்டர் இழுத்தால், போகவும் வரவும் சேர்ந்து 1.4 ஓம். மோட்டார் 8 ஆம்பியர் எடுத்தால் ஒயரிலேயே 90 வாட் வெப்பமாகிறது. அதைச் சுருட்டிப் போட்டபடி ஓட்டினால் உள்சுற்றின் வெப்பம் வெளியேற வழியின்றி மேலுறை இளகும். முழுவதும் விரித்துப் போடுங்கள், இல்லையென்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் வாங்குங்கள். பச்சை ஒயரும் அதற்குள் இருக்க வேண்டும்.

ஆர்.சி.சி.பி.யில் டி என்று எழுதிய பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்வார்கள், சரி. ஆனால் அது கருவிக்குள்ளேயே சிறிது கரண்டை நழுவவிட்டுப் பார்க்கும் சோதனை. கருவி வெட்டுகிறது என்பதை மட்டும் காட்டும். எர்த் இருக்கிறதா என்பதைக் காட்டாது, எர்த்தே இல்லாத பட்டறையிலும் பட்டன் வேலை செய்யும். எர்த்தைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். இயந்திரத்தின் பெயின்ட் இல்லாத இரும்பிலிருந்து பிளக்கின் எர்த் பின்வரை மல்ட்டிமீட்டரில் பார்த்தால் ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும். குழியின் தடையை அளக்க எலெக்ட்ரீஷியனிடம் எர்த் டெஸ்டர் இருக்கும். கோடையில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள், மழைக்காலத்து அளவு ஏமாற்றும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலைந்து நாள் ஓடாமல் கிடந்த மோட்டாரை அப்படியே போடாதீர்கள். இணைப்பைக் கழற்றி, காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரின் ஒரு முனையைக் காயிலிலும் மறுமுனையை உடம்பிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மோட்டார் நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே இறங்கியிருந்தால் காயிலில் ஈரம் ஏறியிருக்கிறது. மூடியைத் திறந்து, தூளை ஊதி எடுத்து, பக்கத்தில் ஒரு பெரிய குண்டு பல்பை ஓர் இரவு எரியவிட்டுக் காயவைத்து, காலையில் மறுபடி அளக்க வேண்டும். முள் ஏறவில்லையென்றால் அந்த மோட்டார் வைண்டிங் கடைக்குப் போக வேண்டியதுதான்.